சிறுநீரியல் புற்றுநோய் அறுவை: எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தொடர்ந்து கற்பது?

வாசகர் கேள்வி: நான் சிறுநீரியல் அறுவை மேற்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் பெண் மருத்துவர். புற்றுநோய் அறுவையில் கூடுதல் பயிற்சி பெற இரண்டு இடங்களில் வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று, ரோபோ வழி அறுவைகள் மிகப் பெரிய எண்ணிக்கையில் நடக்கும் மையம். அங்கே முதலாண்டு முழுவதும் உதவியாளராகவே நிற்க வேண்டும். மற்றது அளவில் சிறியது. ஆனால் திறந்த அறுவை, ரோபோ வழி அறுவை, மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. எதற்குச் செல்வது? புதிய மருந்துகள் இவ்வளவு வேகமாக வரும்போது இந்தத் துறையில் அறுவைக்கு எதிர்காலம் உண்டா? என் மூத்தவர்கள் பலர் உரிமத்தைப் புதுப்பிப்பதற்கான கல்விப் புள்ளிகளுக்காகவே கருத்தரங்குகளுக்குச் செல்கிறார்கள்; முப்பது ஆண்டுகள் உண்மையாகவே கற்றுக்கொண்டிருப்பது எப்படி? நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கும் துறையில் ஒரு பெண் அறுவை மருத்துவரை அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்ற தயக்கமும் இருக்கிறது.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான விடை தெளிவானால், எந்த இடத்திற்குச் செல்வது என்ற முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நாம் செய்யும் வேலையில் ஒரு தனிப்பட்ட சிக்கல் இருக்கிறது. அறுவையின் பலன் நமக்கு மிகவும் தாமதமாகத் தெரியவருகிறது. சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லை எடுத்தால், கல் முழுமையாக வந்துவிட்டதா என்பதை மறுநாள் எடுக்கும் படமே சொல்லிவிடும். புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுமையாக அகற்றினால் நிலைமை வேறு. காயம் சில நாட்களில் ஆறிவிடும்; வடிகுழாயை ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்துவிடுவோம்; ஆனால் சிறுநீரை அடக்கும் திறன் திரும்புவதற்கு மாதங்கள் ஆகும், விறைப்புத் திறன் திரும்புவது இரண்டு ஆண்டுகள் வரைகூட நீளும், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் திசு சுரக்கும் புரதம்; அது ஏறினால் நோய் திரும்புகிறது என்று பொருள்) மீண்டும் ஏறத் தொடங்குவது ஐந்தாவது ஆண்டிலோ பத்தாவது ஆண்டிலோ நிகழக்கூடும். அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் அதே மருத்துவர் அதே முறையில் இன்னும் நூற்றுக்கணக்கான அறுவைகளைச் செய்து முடித்திருப்பார். கை தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டுமானால் செய்ததன் விளைவு அதற்கு உடனுக்குடன் தெரிய வேண்டும். நம் துறையில் அந்த இணைப்பு இயல்பாக அமைவதில்லை, நாம்தான் அதை உழைத்து அமைத்துக்கொள்ள வேண்டும். தொடர்கல்வி என்று நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் காட்டும் ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அமெரிக்காவின் நான்கு கல்வி மருத்துவ மையங்களில் 72 அறுவை மருத்துவர்களிடம் புராஸ்டேட் நீக்க அறுவை செய்துகொண்ட 7,765 பேரின் தரவுகளை அதில் ஆராய்ந்தார்கள். அதற்கு முன் பத்து அறுவைகள் மட்டுமே செய்திருந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம், 250 அறுவைகள் செய்திருந்தவரிடம் 10.7 சதவீதம். நோயின் தன்மையைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி நின்றது. மருத்துவரின் அனுபவம் என்ற ஒற்றைக் காரணி ஒருவரின் நோய் திரும்புமா என்பதை இந்த அளவுக்கு மாற்றுகிறது என்றால், கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் நம்மிடம் வருபவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. அந்த முதல் 250 பேர் மீது மட்டும் சுமை விழாதபடி, பிறர் கற்றதை முன்கூட்டியே நம் கைக்குக் கொண்டுவருவதே பயிற்சிக் காலத்தின் நோக்கம்.

எண்ணிக்கை கூடக்கூடத் திறமை தானாக வளர்ந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருத்துவர்களின் அனுபவ ஆண்டுகளையும் அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2005-இல் வந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, ஆண்டுகள் கூடக்கூடத் தரம் குறைவதாகவே காட்டின. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை என்று நினைக்கிறேன். படிப்பை முடித்த ஆண்டில் எது சரியாக இருந்ததோ அதையே அடுத்த இருபது ஆண்டுகளும் நம்பிக்கையோடு செய்துகொண்டிருப்பது மனித இயல்பு; நாம் செய்வது நன்றாகத்தான் இருக்கிறது என்று நமக்கு நாமே சான்று வழங்கிக்கொள்வதும் அதே இயல்பின் பகுதிதான்.

ஆகையால் நீங்கள் தனியாக அறுவை செய்யத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே உங்கள் நோயாளிகளுக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வைத்திருக்கும் கோப்புகள் வேறு, இது வேறு. அறுவைக்கு முன் நோயின் நிலை, பி.எஸ்.ஏ., திசுச் சோதனையின் தரம், சிறுநீரை அடக்கும் திறன், தாம்பத்திய வாழ்க்கை எப்படி இருந்தது என்பது வரை குறித்துக்கொள்ள வேண்டும். அறுவை நாளில் இரத்த இழப்பையும் நேரத்தையும் விட, விறைப்புக்குக் காரணமான எந்த நரம்புக்கற்றையை எந்தப் பக்கத்தில் எவ்வளவு காப்பாற்றினீர்கள், எந்த இடத்தில் திசுத்தளம் தெளிவாக இல்லை என்பது முக்கியம். அதை அன்று மாலைக்குள் எழுதாவிட்டால் நினைவு தனக்கு வசதியானபடி அதை மாற்றிவிடும். பின்விளைவுகளை, அவற்றைச் சரிசெய்ய என்ன சிகிச்சை தேவைப்பட்டது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும் கிளாவியன்-டிண்டோ அளவுகோலில் தரப்படுத்துங்கள். 'சிறிய தொந்தரவு' என்று நமக்குத் தோன்றுவது, மீண்டும் அறுவை செய்யும் அளவுக்குப் போயிருக்கிறது என்பதை அந்த அளவுகோல் மறைக்க விடாது.

இதில் இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. முதலாவது, வாழ்க்கைத் தரம் குறித்த கேள்விகளை நோயாளியிடம் அறுவை செய்த மருத்துவரே கேட்கக் கூடாது. உயிரைக் காப்பாற்றியவர் என்ற மரியாதையால், ஒரு நாளைக்கு நான்கு அணையாடை மாற்றுபவர்கூட நம் முகத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறேன் டாக்டர்" என்று சொல்லிவிடுவார். அச்சிட்ட வினாத்தாளை, நீங்கள் இல்லாத அறையில், செவிலியரோ ஆய்வு உதவியாளரோ தந்து நிரப்பச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நலமாக இருப்பதால் வராமலிருப்பவர்கள் உண்டு. நம்மிடம் நம்பிக்கை இழந்து வேறு மருத்துவரிடம் போனவர்களும், இறந்துபோனவர்களும் உண்டு. வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒவ்வொருவருடைய கணக்கும் அழகாகத்தான் இருக்கும்.

பதிவேட்டை ஆறு மாதத்திற்கு ஒருமுறை நோயியல் நிபுணருடன் உட்கார்ந்து பாருங்கள். வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் இருந்தன என்று அறிக்கையில் ஒரு வரி படிப்பது ஒன்று. உங்கள் நோயாளிகளில் அப்படி வந்தவர்களின் கண்ணாடித் தகடுகளை வரிசையாக வைத்து, அவை பெரும்பாலும் சுரப்பியின் நுனிப் பகுதியிலா, சிறுநீர்ப்பைக் கழுத்திலா, நரம்புக்கற்றை ஓடும் பின்பக்கவாட்டிலா என்று பார்ப்பது வேறு. நுனிப் பகுதியிலேயே திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர் அடங்க வேண்டும் என்ற ஆசையில் நீங்கள் சுரப்பிக்கு மிக அருகில் வெட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். எந்தக் கருத்தரங்கிலும் யாரும் உங்களுக்கு இதைச் சொல்ல முடியாது. அதே போல, அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை அறுவைக்குப் பின் கதிரியக்க நிபுணருடன் மீண்டும் பார்க்கும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கட்டி உறையைத் தாண்டியதாகத் தெரிந்ததா, உண்மையில் தாண்டியிருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு துறைகளும் ஒன்றாகக் கற்கின்றன.

அறுவைகளைப் பதிவு செய்து பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடற்பருமனுக்கான அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தலைக்கு ஒரு காணொளி தந்தார்கள்; செய்தவர் யாரென்று தெரியாமல் சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குப் பின்விளைவுகள் ஏற்பட்டிருந்தன. முதல் கால்பகுதியில் இருந்தவர்களிடம் 5.2 சதவீதம். அது நம் உறுப்பைப் பற்றிய ஆய்வு இல்லை என்றாலும், பிறர் கண்ணால் நம் கையைப் பார்க்க முடியும் என்பதையும் அந்தப் பார்வை மெய்யான செய்தியைத் தருகிறது என்பதையும் அது நிறுவியது. ரோபோ வழி அறுவையும் லேப்ராஸ்கோபியும் செய்யும் நமக்கு ஒவ்வொரு அறுவையும் ஏற்கெனவே திரையில்தான் நடக்கிறது. கருத்தரங்கில் காட்டுவதற்காக வெட்டி ஒட்டிய எட்டு நிமிடக் காணொளியால் பயன் குறைவு. இரத்தம் கசிந்து பார்வை மறைந்த அந்தப் பதினைந்து நிமிடங்களை வெட்டாமல், நீங்கள் மதிக்கும் ஒருவரின் அருகில் அமர்ந்து பாருங்கள். முதல் சில முறை கூச்சமாக இருக்கும். பிறகு அதற்காகவே காத்திருப்பீர்கள்.

கருத்தரங்குகளுக்கும் புள்ளிகளுக்கும் வருகிறேன். முறைசார் தொடர்கல்வி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, உட்கார்ந்து கேட்கும் விரிவுரைகள் மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை என்றும், பங்கேற்பவர் தாமே செய்து பார்க்கும், விவாதிக்கும் நிகழ்ச்சிகள் மாற்றுகின்றன என்றும் கண்டது. உங்கள் மூத்தவர்களிடம் நீங்கள் கண்ட சலிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் மீது வருத்தம் வேண்டாம். உரிமத்திற்கான புள்ளிகள் ஒரு குறைந்தபட்ச எல்லை மட்டுமே. அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அத்தோடு கற்றல் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய மாநாட்டுக்குச் செல்வதானால், விடை தெரியாத இரண்டு மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கிய பின் தனியே சந்தித்து, "உங்களிடம் இந்த முறை எங்கே தோற்றது?" என்று கேளுங்கள். மேடையில் வராத பதில் அப்போது வரும். மருந்து நிறுவனமோ கருவி நிறுவனமோ முழுச் செலவையும் ஏற்று நடத்தும் கூட்டங்களைக் குறித்து என் கருத்து கடுமையானது: அவற்றில் சொல்லப்படுவது பொய்யாக இல்லாதபோதும், எதைச் சொல்லாமல் விடுவது என்பதை வேறொருவர் முடிவு செய்திருக்கிறார்.

ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முழுவதையும் படிக்க நேரம் கிடைக்காது. சென்ற ஆண்டிலிருந்து எது மாறியது என்ற பகுதியை மட்டும் படித்து, மாறிய ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான மூலக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். கட்டுரையின் சுருக்கத்தைத் தாண்டி, எப்படிப்பட்ட நோயாளிகளைச் சேர்த்தார்கள், யார் அறுவை செய்தார்கள், எவ்வளவு காலம் தொடர்ந்து பார்த்தார்கள் என்பவற்றைப் பார்க்கப் பழகினால், உங்கள் முன் அமர்ந்திருப்பவருக்கு அந்த முடிவு பொருந்துமா என்று சொல்லத் தெரியும்.

இப்போது மருந்துகளைப் பற்றிய உங்கள் அச்சம். அதைப் புறந்தள்ளுவதற்கில்லை. நாம் செய்துவந்த சில அறுவைகளை நல்ல ஆய்வுகள் நம் கையிலிருந்து எடுத்துவிட்டன, இனியும் எடுக்கும். உடலில் பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுநோயில் சிறுநீரகத்தை முதலில் அகற்றிவிட்டே மருந்து தொடங்குவது நீண்டகால வழக்கம். 2018-இல் வெளியான கார்மெனா ஆய்வில், நோய்ப்போக்கு நடுத்தரமாகவோ மோசமாகவோ இருந்த 450 பேரில், அறுவையின்றி சுனிடினிப் என்ற மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம்) 18.4 மாதங்கள், அறுவைக்குப் பின் அதே மருந்தைப் பெற்றவர்களுக்கு 13.9 மாதங்கள். அறுவையால் அவர்களுக்கு நன்மை இல்லை என்பது தெளிவாயிற்று. சிறுநீர்ப்பையை அகற்றும்போது நிணநீர்க் கணுக்களை இன்னும் விரிவாக எடுத்தால் நோயாளி நீண்டகாலம் வாழ்வார் என்று நம்மில் பலர் உறுதியாக நம்பினோம். 2024-இல் வந்த அமெரிக்க ஆய்வு, விரிவான நீக்கத்தால் வாழ்நாள் கூடவில்லை, பின்விளைவுகள்தாம் கூடின என்று காட்டியது. இத்தகைய முடிவு வந்ததும் மறுவாரமே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய மருத்துவராக நீங்கள் வளர வேண்டும். கற்பதைக் காட்டிலும் இப்படிக் கைவிடுவது கடினம். அந்த அறுவையைச் செம்மையாகச் செய்யக் கற்றுக்கொள்ள ஒருவர் தன் வாழ்வின் பல ஆண்டுகளைக் கொடுத்திருப்பார்.

ஆனாலும் இந்த வரலாற்றின் மறுபக்கம் உங்களுக்கு ஊக்கம் தர வேண்டும். மேலோட்டமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யைப் பையினுள் செலுத்தும் முறையை 1976-இல் அறிவித்தவர் அல்வாரோ மொராலஸ் என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவர். இன்று வரை அந்தச் சிகிச்சை நிலைத்திருக்கிறது. 1977-இல் விரைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் அடங்கிய கூட்டு மருந்தின் வெற்றியை அறிவித்த கட்டுரையில் மருந்துச் சிகிச்சை நிபுணர் லாரன்ஸ் ஐன்ஹார்னின் பெயருக்கு அடுத்து இருப்பது ஜான் டோனஹியூ என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவரின் பெயர். பரவிய நிலையில் பெரும்பாலான இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்த நோய், பெரும்பாலோர் குணமடையும் நோயாக அதன்பின் மாறியது. அங்கே அறுவை அழிந்துவிடவில்லை. மருந்துக்குப் பிறகு வயிற்றின் பின்புறம் பெருநாடியை ஒட்டி எஞ்சி நிற்கும் கட்டியில் இறந்த திசு மட்டும்தான் இருக்கிறதா, பின்னாளில் வளரக்கூடிய டெரடோமா என்ற கட்டிவகை இருக்கிறதா, உயிருள்ள புற்றணுக்கள் இருக்கின்றனவா என்பதைப் படத்தால் உறுதி செய்ய இயலாததால், அதை முழுமையாக அகற்றும் அறுவை முன்னிலும் அருமையானதாகவும் கடினமானதாகவும் ஆயிற்று. மருந்து முன்னேறிய ஒவ்வொரு இடத்திலும் அறுவைக்கான நேரமும் அளவும் ஆளும் மாறியிருக்கின்றன.

பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரு புதிய மருந்துகளையும் வழக்கமான கீமோதெரபிக்குப் பதிலாகச் சேர்த்துக் கொடுத்தபோது இடைநிலை வாழ்நாள் 16.1 மாதங்களிலிருந்து 31.5 மாதங்களாக உயர்ந்தது என்பது 2024-இல் வெளியான செய்தி. முன்பு அறுவை மருத்துவரின் பார்வைக்கே வராமல் இறந்துபோனவர்களில் சிலர், கட்டிகள் கரைந்த நிலையில், "இனிச் சிறுநீர்ப்பையை என்ன செய்வது?" என்ற கேள்வியோடு உங்கள் முன் வந்து அமர்வார்கள். அதற்கு விடை சொல்ல அந்த மருந்துகளின் செயல்முறையும் பக்கவிளைவுகளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து அறியாத அறுவை மருத்துவருக்குத்தான் எதிர்காலம் குறுகியது.

எப்போது அறுவை செய்யாமல் இருப்பது என்பதும் நம் வேலையின் பாதி. சுரப்பிக்குள் அடங்கிய புராஸ்டேட் புற்றுநோயுடைய 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாகப் பிரித்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வில், அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 2.7 சதவீதம் மட்டுமே. மூன்று பிரிவுகளுக்கும் இடையே இதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்தச் செய்தியைப் பயந்துபோயிருக்கும் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் புரியும்படி அரைமணி நேரம் பேசி விளக்கி, கத்தியை எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பும் திறமைக்கு யாரும் பட்டம் தருவதில்லை. அதையும் பயிற்சியின் பகுதியாகக் கருதி, உங்கள் ஆசிரியர் நோயாளியிடம் பேசும் அறையில் உட்கார்ந்து கேளுங்கள்.

ரோபோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 326 ஆண்களைத் திறந்த அறுவைக்கும் ரோபோ வழி அறுவைக்கும் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வில், 12 வாரங்களிலும் பின்னர் 24 மாதங்களிலும் சிறுநீர், தாம்பத்தியச் செயல்பாடுகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நிலைதான் காணப்பட்டது. சிறுநீர்ப்பை நீக்கத்தில் 2018-இல் வெளியான ரேசர் ஆய்வும், நோய்க் கட்டுப்பாட்டில் ரோபோ முறை திறந்த முறைக்குக் குறைந்ததில்லை என்ற அளவிலேயே நின்றது. இரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்பன உண்மையான நன்மைகள். அந்தக் கருவியை நீங்கள் நன்றாகக் கற்றாக வேண்டும். ஆனால் நரம்புகளைக் காக்கும் அறுவை எப்படிப் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே பெயர் பெற்ற அறுவை மருத்துவராக இருந்த பேட்ரிக் வால்ஷ், 1981-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஓய்வுபெற்ற பிறகு உடற்கூறு ஆய்வில் மூழ்கியிருந்த பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். இறந்து பிறந்த குழந்தையின் உடலில் இருவரும் சேர்ந்து நரம்புகளைத் தேடினார்கள். விறைப்புக்குக் காரணமான நரம்புகள் சுரப்பிக்கு வெளியே ஓடுவதைக் கண்டார்கள். மறு ஆண்டே அந்த நரம்புகளைத் திட்டமிட்டுக் காத்த முதல் அறுவை நடந்தது. தன் துறையின் உச்சத்தில் இருந்தவர் வயதில் மூத்த ஒருவரிடம் மாணவரைப் போல அமர்ந்து உடற்கூற்றைப் புதிதாகப் படித்தார். ரோபோவில் நாம் இன்று காப்பதும் அவர்கள் கண்ட அதே நரம்புகளைத்தான்.

பெண் மருத்துவர் என்ற தயக்கத்திற்கு வருகிறேன். ஆண் நோயாளிகள் சிலர் முதல் சந்திப்பில் கூச்சப்படுவார்கள் என்பது உண்மை. கேள்விகளை நேராகவும் மரியாதையாகவும், வழக்கமான ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்கும் மருத்துவரிடம் அந்தக் கூச்சம் விரைவில் நீங்கிவிடுவதைப் பெண் சக மருத்துவர்களிடம் நான் பார்த்துவருகிறேன். ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் விறைப்புக் குறைபாட்டைப் பெண் மருத்துவரிடம் எளிதாகச் சொல்பவர்களும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் உங்கள் தனிப் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்கே அதிகம் என்றாலும், பெண்களிடம் அது பெரும்பாலும் தாமதமாகக் கண்டறியப்படுகிறது. சிறுநீரில் இரத்தம் போகிறது என்று வரும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக மாத்திரைகள் தரப்படுகின்றன. அறுவையின்போது பெண்களுக்குக் கருப்பையையும் பெண்ணுறுப்பின் முன்சுவரையும் சேர்த்து எடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. யாருக்கு அவற்றைக் காப்பாற்றலாம், அதன்பின் அவர்களின் வாழ்க்கை எப்படி அமைகிறது என்ற கேள்விகள் ஆண்களின் நரம்புக் காப்பு பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. அந்தப் பதிவேட்டை நீங்கள் தொடங்கலாம்.

இனி முதல் கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் சிறிய மையத்தையே பரிந்துரைப்பேன். திறந்த அறுவையைக் கற்காமல் இந்தத் துறைக்கு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. பெருஞ்சிரைக்குள் ஏறிவிட்ட சிறுநீரகக் கட்டியையும், கீமோதெரபிக்குப் பின் பெருநாடியைப் பற்றிக்கொண்டிருக்கும் எச்சத்தையும், ரோபோ அறுவையின் நடுவே நிற்காமல் பெருகும் இரத்தத்தையும் திறந்த வயிற்றில் கையாளத் தெரியாதவர், பாதுகாப்பான நோயாளிகளுக்கு மட்டுமே மருத்துவராக இருக்க முடியும். மருந்து, கதிர்வீச்சு நிபுணர்களோடு ஒரே கூட்டத்தில் வாராவாரம் உட்கார்ந்து, உங்கள் அறுவைத் திட்டம் மறுக்கப்படுவதைக் கேட்டுப் பழகுவதும் அங்கேதான் நடக்கும்.

ஆயினும் ஒப்புக்கொள்வதற்கு முன், இப்போது அங்கே பயிற்சியில் இருப்பவர்களிடமும் சென்ற ஆண்டு முடித்தவரிடமும் தொலைபேசியில் பேசுங்கள். ஆண்டுக்கு எத்தனை அறுவைகள் நடக்கின்றன என்று மட்டும் கேட்காமல், ஒவ்வொரு அறுவையிலும் எந்தெந்தக் கட்டங்களைப் பயிற்சி பெறுபவர் தம் கையால் செய்கிறார் என்று கேளுங்கள். பின்விளைவுகளையும் இறப்புகளையும் விவாதிக்கும் கூட்டம் தவறாமல் நடக்கிறதா, அதில் தலைமை மருத்துவரின் நோயாளிகளும் பேசப்படுகிறார்களா என்று கேளுங்கள். மையத்தின் முடிவுகளை ஐந்து ஆண்டுகளுக்கேனும் பின்தொடர்ந்து வைத்திருக்கிறார்களா, பயிற்சி பெறுபவர் அதைப் பார்க்க அனுமதி உண்டா என்பதும் தெரிய வேண்டும். ஆண்குறிப் புற்றுநோய் போன்ற அரிய நோய்களை அவர்களே சொற்ப எண்ணிக்கையில் செய்கிறார்களா, அதிகம் செய்யும் இடத்திற்கு அனுப்புகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். இங்கிலாந்தில் அந்த நோயின் அறுவையைச் சில மையங்களில் மட்டும் குவித்தது நோயாளிகளின் நன்மைக்காகத்தான். அனுப்பத் தெரிந்த மையம் நேர்மையான மையம்.

இந்தக் கேள்விகளுக்குச் சிறிய மையத்திலிருந்து தெளிவான விடை கிடைக்காமல், பெரிய மையத்திலிருந்து கிடைத்தால், உதவியாளராக நிற்கும் ஓராண்டைப் பொருட்படுத்தாமல் பெரிய மையத்திற்கே செல்லுங்கள். அப்படிச் செல்வதாக இருந்தால், இரண்டாம் ஆண்டில் எந்தக் கட்டங்களை, எவருடைய மேற்பார்வையில், நீங்களே செய்வீர்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த அறுவைக்காக மூன்று மாதங்களேனும் வேறிடத்தில் பயில அனுமதி தருவார்களா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் பதிலை எனக்கும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம்.